ஃபூஜி மலையில் ஓர் இரவு: யோஷிதா பாதைக் குடில்களுக்குக் கொடுக்கும் காசு தகுமா?

கோடையில் டோக்கியோவுக்கோ த்ஸுகுபாவுக்கோ இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வந்து இறங்கும் கூட்டத்தில், மூன்றாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "ஃபூஜி ஏறலாமா?" என்று கேட்டுவிடுவார். எல்லோரும் கட்டைவிரல் தூக்குவார்கள். அடுத்த நாள் மலைக்குடிலில் ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 12,000 யென், சனிக்கிழமை என்றால் 15,000 யென் என்று தெரிந்ததும் குழு மௌனமாகிவிடும். படுக்க ஒரு ஆள் அகலம் இடம், குளிக்கத் தண்ணீர் கிடையாது, நள்ளிரவில் எழுப்பிவிடுவார்கள். இதற்கு இவ்வளவா?

தகும். எந்த உயரத்துக் குடிலுக்குத் தகும், எதற்குத் தகாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே உள்ள தகவல்கள், ஃபூஜியில் ஏற உள்ள நான்கு பாதைகளில் யாமனாஷி மாகாணப் பக்கமுள்ள யோஷிதா பாதைக்கானவை. விலையும் விதியும் 2025 பருவ நிலவரம்.

முதலில் ஒரு பழைய யோசனையைக் கழித்துவிடலாம். முன்பெல்லாம் மாணவர்கள் சாயங்கால பஸ்ஸில், சாலை முடியும் ஐந்தாம் நிலையத்துக்கு (அடிவாரம் முதல் உச்சி வரை பாதையை நிலையங்களாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள்) போய், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏற ஆரம்பித்து, தூங்காமல் நடந்து உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஜப்பானியர் இதை 'டங்கான் தோஸான்', அதாவது துப்பாக்கிக் குண்டு ஏற்றம் என்பார்கள். தலைவலியும் வாந்தியுமாகப் பாதியில் உட்கார்ந்தவர்களும், குளிரில் கழிப்பறைக்குள் ஒதுங்கிப் படுத்தவர்களும் பெருகியதால் 2024-இல் யாமனாஷி மாகாணம் பாதையின் தொடக்கத்தில் ஒரு வாயில் வைத்தது. அந்த ஆண்டு மாலை 4 மணிக்கு மூடினார்கள். 2025-இல் அதை மதியம் 2 மணி ஆக்கினார்கள். திறப்பது அதிகாலை 3 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் குடில் முன்பதிவு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நுழைவுக் கட்டணமும் 2,000 யென்னிலிருந்து 4,000 யென் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 4,000 பேர் என்ற உச்சவரம்பும் உண்டு. குடிலில் தங்குபவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஷிஸுவோக்கா மாகாணப் பக்கமுள்ள மற்ற மூன்று பாதைகளிலும் 2025 முதல் இதே 4,000 யென், இதே 2 மணிக் கெடு. ஆகவே பாதையை மாற்றித் தப்பிக்கும் வழியும் இல்லை.

குடிலுக்குக் கொடுக்கும் காசில் தூக்கத்தின் பங்கு சிறியதுதான். இரண்டு மணிக்குப் பிறகு வாயிலைக் கடக்கும் உரிமை, 3,000 மீட்டர் உயரத்தில் ஏழெட்டு மணி நேரம் உடம்பைப் பழக்க ஓர் இடம், மழை வந்தால் ஒரு கூரை, இந்த மூன்றும்தான் நீங்கள் வாங்குவது.

வெள்ளியங்கிரியை ராத்திரியில் ஏறி இறங்கிய தெம்பில் இதை எடைபோடுபவர்கள் உண்டு. படியேறும் கால் அவர்களுக்கு இருக்கும். ஆனால் 3,776 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கால் ஒத்துழைத்தாலும் தலை ஒத்துழைக்காது. வயது, உடற்பயிற்சி எதுவும் இதற்கு உத்தரவாதமில்லை. நான்கு பேர் குழுவில் நன்றாக ஓடக்கூடியவர்தான் வேகமாக ஏறி முதலில் படுப்பார்.

எந்த உயரத்துக் குடில்?

யோஷிதா பாதையில் சுமார் 2,700 மீட்டரில் தொடங்கி 3,450 மீட்டர் வரை பதினைந்துக்கு மேற்பட்ட குடில்கள் உள்ளன. ஐந்தாம் நிலையம் 2,305 மீட்டர். பெரும்பாலோர் செய்யும் தவறு, "உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் ராத்திரி நடை மிச்சம்" என்று 3,400 மீட்டருக்கு மேல் பதிவு செய்வது. ஒரே மதியத்தில் 1,100 மீட்டர் ஏறி அங்கே படுத்தால், பழக்கமில்லாதவர்களுக்குத் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. மிச்சப்படுத்திய ஒரு மணி நேரத்தைத் தலைவலியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2,700 மீட்டர் குடில்கள் உடம்புக்கு இதமானவை, பல சமயம் விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் ஏழாம் நிலையத்துக்கும் எட்டாம் நிலையத்துக்கும் இடையில்தான் கையால் பிடித்து ஏறவேண்டிய பாறைப் பகுதி இருக்கிறது. கீழ்க்குடிலில் தங்கினால் அதை நள்ளிரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு ஏறவேண்டும்.

எனவே 3,000 முதல் 3,250 மீட்டருக்குள் தேடுங்கள். 3,000 மீட்டரில் டோயோகான், 3,100-இல் தாய்ஷிகான், 3,200-இல் ஹகுஉன்ஸோ ஆகியவை இந்த வரிசையில் வருபவை. கடினமான பாறையின் பெரும்பகுதி பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். ராத்திரிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும் சரளைப் பாதை. எட்டாம் நிலையத்தில் பருவகாலத்தில் முதலுதவி மையமும் இயங்குகிறது.

முன்பதிவு

இங்கேதான் இன்டர்ன்களுக்கு இடிக்கும். குடில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வசந்த காலத்திலேயே பதிவைத் திறந்துவிடுகின்றன. ஜூன் மாதம் வந்து இறங்குபவருக்கு ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகள் மிஞ்சியிருக்காது. ஞாயிறு இரவு தங்கித் திங்கள் இறங்குவது அடுத்த நல்ல வழி. ஒரு நாள் விடுப்பு போதும். ஆகஸ்ட் 13 முதல் 16 வரையான ஓபோன் விடுமுறையைத் தொடவே வேண்டாம். யோஷிதா பாதை ஜூலை 1-இல் திறந்து செப்டம்பர் 10-இல் மூடுகிறது. ஜூலை முதல் இரண்டு வாரம் இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் மழைக்காலம் முடிந்திருக்காது. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு கூட்டம் குறையும், புயல் பயம் கூடும்.

நால்வருக்கு ஒரே குடிலில் இடம் இல்லையென்றால் இருவர் இருவராக அடுத்தடுத்த குடில்களில் போடலாம். உயர வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டினால் வேண்டாம். இருட்டில் ஒருவருக்காக ஒருவர் குளிரில் காத்து நிற்பதுதான் அந்த ராத்திரியின் மிகப்பெரிய அவஸ்தை. ரத்து விதி குடிலுக்குக் குடில் மாறும். "மழை பெய்கிறது" என்பதற்கெல்லாம் பணம் திரும்பாது என்ற கணக்கிலேயே பதிவு செய்யுங்கள். ஜப்பானிய மொழியில் தொலைபேசினால்தான் பதிவு என்ற குடில்களும் உண்டு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஃபூஜி என்றால் எல்லோரும் மகிழ்ச்சியாகவே பேசித் தருவார்கள், கூடவே ஒரு மணி நேர அறிவுரையும் இலவசம்.

வாயில் கட்டணம் தனி. இணையத்தில் முன்கூட்டியே கட்டி க்யூஆர் குறியீட்டை எடுத்துப் போனால், வாயிலில் காட்டிக் கைப்பட்டி வாங்கிக்கொண்டு நடக்கலாம். மேலாடை, கால்சட்டை என்று இரண்டு பகுதியாக உள்ள மழையுடை, குளிருடை, மலைக்கேற்ற காலணி இல்லாமல் வருபவர்களை நிறுத்தும் அதிகாரம் அங்குள்ளவர்களுக்கு உண்டு.

பஸ்

ஷின்ஜுக்கு பஸ் முனையத்திலிருந்து நேரடி பஸ் ஐந்தாம் நிலையத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் போகிறது. ஒருவழிக் கட்டணம் 4,000 யென்னை ஒட்டி வரும். நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்த்துப் பார்த்தால் இந்தப் பயணத்தின் குறையில்லாத பகுதி இதுதான். காலை பத்து மணி வாக்கில் கிளம்பும் பஸ் சரியானது. பன்னிரண்டரைக்கு இறங்கி, ஐந்தாம் நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இதை வீண் என்று நினைப்பவர்களைத்தான் எட்டாம் நிலைய முதலுதவி மையத்தில் பார்க்கலாம். சாப்பிடுங்கள், கடைகளைச் சுற்றுங்கள், கழிப்பறைக்குப் போய்விடுங்கள். ஒன்றரைக்குக் கிளம்பினால், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் மூன்றரை மணி நேரத்தில் ஐந்து மணிக்குக் குடில். பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

குடிலுக்குள்

காலணியைக் கழற்றி அவர்கள் தரும் பையில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். படுக்கை வரிசையாக, தோளோடு தோளாக. கொரோனாவுக்குப் பிறகு பல குடில்களில் இடையே தடுப்பு வைத்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவிட்டார்கள். பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். உறக்கப்பை அவர்களே தருவார்கள். ஓடும் தண்ணீர் இல்லை. கைகழுவவும் பல் தேய்க்கவும் ஈரத்துடைப்பான்தான். கழிப்பறைக்குப் பாதை முழுக்க ஒவ்வொரு தடவையும் 200 அல்லது 300 யென். 100 யென் நாணயம் ஆளுக்குப் பதினைந்து வைத்திருங்கள். தாளை நீட்டினால் சில்லறை தர அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இரவுச் சாப்பாடு 'கறி' எனப்படும் ஜப்பானியக் குழம்பு ஊற்றிய சோறு அல்லது ஹாம்பர்க் எனப்படும் கொத்துக்கறி வட்டு. அளவு குறைவு, சூடு நிறைவு. சைவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: காய்கறி மட்டும் தெரிகிற ஜப்பானியக் கறியிலும் குழம்புக்கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம். கப் நூடுல்ஸிலும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு உண்டு. முன்கூட்டியே சொன்னால் சைவம் தரும் குடில்கள் சில இருக்கின்றன. இல்லையென்றால் சாப்பாடு இல்லாத கட்டணத்தில் பதிவு செய்து, கையில் கொண்டு போங்கள். புளியோதரை, சப்பாத்திச் சுருள், உப்பு மட்டும் போட்ட ஒனிகிரி சோற்றுருண்டை ஒரு நாள் தாங்கும். தயிர்சாதம் ஷின்ஜுக்கு வெயிலிலேயே புளித்துவிடும். சிப்ஸ் பொட்டலம் உயரம் ஏற ஏறப் பலூன் மாதிரி உப்பும், பைக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்திக் காற்றை இறக்கி டேப் ஒட்டிவிடலாம். குடிலில் அரை லிட்டர் தண்ணீர் 500 யென் வரை போகும். கீழிருந்தே ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தூக்கிப் போய், மேலே ஒரு பாட்டில் வாங்கினால் போதும்.

சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போகும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மலைநோய் அப்போதுதான் பிடிக்கும். வந்து சேர்ந்த பிறகு ஒரு மணி நேரமாவது வெளியே உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி ஊதி மூச்சு விடுங்கள். பீர் வேண்டாம். கடைகளில் விற்கும் கைக்குப்பி ஆக்ஸிஜன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தக் காசுக்குச் சூடான கோகோ குடிக்கலாம். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால், அல்லது தள்ளாடினால், மருந்து கீழே இறங்குவதுதான். கூட ஒருவர் கட்டாயம் இறங்க வேண்டும். அது யார் என்று ஐந்தாம் நிலையத்திலேயே முடிவு செய்துகொண்டால் நட்பு கெடாது.

விளக்கை எட்டு மணி வாக்கில் அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு குடிலில் கேட்கும் பெரிய ஓசை குறட்டை என்று நினைப்போம். பாலிதீன் கவர் சரசரப்புதான் அதைவிட மோசம். நள்ளிரவில் இருபது பேர் ஒரே நேரத்தில் கவருக்குள் கையுறையைத் தேடுவார்கள். துணிப்பையில் கட்டுங்கள், காதடைப்பான் எடுத்துப் போங்கள், கிளம்பும்போது போட வேண்டியதை எல்லாம் படுக்குமுன் மேலே எடுத்து வையுங்கள்.

ராத்திரி நடை, ஒரு மாற்றுக் கருத்து

ஜூலையில் உச்சியில் சூரியன் நாலரை மணிக்கு எழும், ஆகஸ்ட் கடைசியில் ஐந்து மணியை ஒட்டி. 3,100 மீட்டரிலிருந்து சாதாரண நாளில் மூன்று மணி நேரம்; சனி இரவில் நாலும் ஆகும். காரணம், மேல் எட்டாம் நிலையத்தில் ஷிஸுவோக்கா பக்கத்து ஸுபாஷிரி பாதைக் கூட்டமும் வந்து சேர்ந்துவிடும். பத்து அடி நடந்து ஒரு நிமிடம் நிற்பதாகவே கடைசி ஒரு மணி நேரம் போகும். அந்த நிற்றலில்தான் குளிர் ஏறும். ஆகஸ்ட் மாதத்திலும் உச்சியின் சராசரி வெப்பநிலை 6 டிகிரியை ஒட்டித்தான். விடியலுக்கு முன் இன்னும் இறங்கும், நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் உடம்புக்குப் பூஜ்யத்துக்குக் கீழே. வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு அங்கே நிற்பவர் ஐந்தே நிமிடத்தில் நடுங்குவார்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, ஏனோ பலருக்கு அது தோன்றுவதில்லை. யோஷிதா பாதை மலையின் வடகிழக்குச் சரிவில் போகிறது. ஆகவே 'கொராய்கோ' என்று ஜப்பானியர் வணங்கும் அந்த உதயம் குடிலின் வாசலிலிருந்தே நேராகத் தெரியும். நான்கு மணி வரை தூங்கி, வாசலில் போர்த்திக்கொண்டு நின்று விடியலைப் பார்த்து, வெளிச்சத்தில் கிளம்பினால் பாதை பாதி காலியாக இருக்கும். எட்டு மணிக்கு உச்சி. மேகம் கீழே இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே காட்சிதான். முதல்தடவைக்காரர்கள் உச்சியில்தான் பார்ப்பேன் என்பார்கள், அது அவர்கள் உரிமை. குழுவில் ஒருவருக்கு லேசாகத் தலை வலித்தாலும் இந்த வழியை எடுங்கள்.

உச்சியில் எரிமலை வாயைச் சுற்றி வர 3 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மிக உயர்ந்த புள்ளியான கென்கமினே எதிர்ப்பக்கம் இருக்கிறது. பாதை முடியும் இடத்தில் நின்று "3,776" என்று படம் போடுபவர்கள் உண்மையில் இன்னும் அங்கே ஏறவில்லை. காற்று பலமாக இருந்தால் சுற்றாதீர்கள்.

சாமான்

வாடகைக் கடையில் காலணி, மழையுடை, முதுகுப்பை, தலைவிளக்கு, கைத்தடி சேர்ந்த தொகுப்பு 10,000 யென்னுக்கு முன்பின் வரும். இரண்டு மாதத்துக்கு வந்தவர் வாங்குவதைவிட இது மலிவு. நண்பரிடம் இரவல் வாங்குவது இன்னும் மலிவு, ஆனால் காலணியை மட்டும் இரவல் வாங்காதீர்கள். மலைக்காலணியின் நடு அடுக்கு பாலியூரிதீன். பயன்படுத்தாமல் அலமாரியில் ஐந்தாறு வருடம் கிடந்தாலே ஈரக்காற்றில் மக்கிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், இறக்கத்தில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். போன்சோ மழைக்கோட்டும் உதவாது: சரிவில் காற்று கீழிருந்து மேலே அடிக்கும், அது குடையாகத் திரும்பிவிடும். கட்டாயம் வேண்டியவை: மெல்லிய டவுன் ஜாக்கெட், கையுறை, தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி, குப்பைக்கு மூன்று கவர், இறக்கத்துக்கு முகக்கவசம். வழியில் குப்பைத்தொட்டி கிடையாது, நூடுல்ஸ் கோப்பை வரை உங்களோடு திரும்பி வரவேண்டும்.

ஐந்தாம் நிலையத்தில் விற்கும் மரக் கைத்தடி, குடிலுக்குக் குடில் சூட்டுமுத்திரை குத்தி வாங்குவதற்கு. முத்திரை ஒன்றுக்குச் சில நூறு யென். எல்லாம் குத்தினால் தடியைவிட முத்திரை செலவு கூடும். ஊர் திரும்பும்போது விமானத்தில் கைப்பையாகச் சேராது, குட்டைத் தடியும் விற்கிறார்கள்.

இறக்கம்

ஏறும் பாதை வேறு, இறங்கும் பாதை வேறு. இறங்கும் பாதையில் எட்டாம் நிலையத்தைத் தாண்டினால் குடில்கள் கிடையாது, தண்ணீர் கிடையாது, கழிப்பறையும் ஏழாம் நிலையம் வரை எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் உச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் உதிரிச் சரளையில் வளைந்து வளைந்து இறங்குவதுதான் இந்த மொத்தத்திலும் சலிப்பான பகுதி. முட்டி வலி ஏற்றத்தால் வருவதில்லை, இங்கேதான் வரும். கிளம்புமுன் காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டவில்லை என்றால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும். சின்னச் சின்ன அடியாக வைத்து, குதிகாலை முதலில் ஊன்றுங்கள்; ஓடாதீர்கள்.

எட்டாம் நிலையத்துக்கு அருகே பாதை இரண்டாகப் பிரியும். யோஷிதாவுக்கு மஞ்சள் பலகை, ஸுபாஷிரிக்குச் சிவப்பு. மூடுபனியில், தூக்கக் கலக்கத்தில், முன்னால் போகிற கூட்டத்தின் பின்னாலேயே போய்ச் சிவப்பில் இறங்கிவிடுபவர்கள் ஒவ்வொரு பருவமும் உண்டு. அப்படி இறங்கினால் போய்ச் சேர்வது வேறு மாகாணத்தில், மலையின் வேறு பக்கத்தில். அங்கிருந்து திரும்ப டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு குடில் இரவு தங்கலாம். குழுவில் எல்லோரும் வந்து சேரும் வரை அந்தப் பிரிவில் நின்று, மஞ்சளைப் பார்த்த பிறகு இறங்குங்கள்.

ஐந்தரைக்கு உச்சியை விட்டால் பத்து மணிக்குள் ஐந்தாம் நிலையம் என்று கணக்கு சொல்லும். திரும்பும் பஸ்ஸைப் பத்தரைக்குப் போடாதீர்கள், வாசலில் விடியல் பார்க்கும் திட்டம் என்றால் மாலை மூன்று மணிக்கு முன்னால் போடாதீர்கள். நால்வரில் ஒருவருக்கு முட்டி பிடித்தால் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடும். பஸ்ஸைத் தவறவிட்டால் காவாகுச்சிகோ நிலையத்துக்கு இறங்கும் உள்ளூர் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். அந்த ஊரில் வெந்நீர்க் குளியலறைகள் உண்டு. இரண்டு நாள் தூசியோடு ஷின்ஜுக்கு ரயிலில் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பக்கத்து இருக்கைக்காரரும் நன்றி சொல்வார்.